பாதிப் பேர் வராவிட்டாலும் தேர்தல் செல்லும்

கோபத்தைக் காட்ட ஓட்டுப் போடாமல் இருப்போம், பாதிப் பேருக்கு மேல் போகாவிட்டால் தேர்தல் செல்லாது, திரும்ப நடத்துவார்கள் என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் அண்ணே, அப்படி ஒரு விதி மலேசியாவில் இல்லை. எத்தனை பேர் வந்தாலும் சரி, விழுந்த ஓட்டில் யாருக்கு அதிகமோ அவர்தான் ஜெயித்தவர்.

2023 செப்டம்பர் 9 அன்று ஜொகூரில் பூலாய் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 47 விழுக்காடுதான். மறுதேர்தல் வரவில்லை. சுஹைசான் காயாட் வென்று நாடாளுமன்றம் போனார். தேர்தல் ஆணையமான எஸ்பிஆரின் இணையதளத்தில் பூலாய் முடிவைத் தேடுங்கள். மொத்த வாக்காளர் எத்தனை, விழுந்த ஓட்டு எத்தனை என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம். அந்த வாரத்துப் பத்திரிகைகளிலும் இருக்கும்.

கோபம் எனக்கும் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து லயத்துக்குப் போகும் செம்மண் சாலையில் மழை பெய்தால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகணும். ஆனால் போன தேர்தலில், பெரியவர்களின் முதல் சாலுரானில் (வாக்காளர்களை வயதுப்படி பிரித்து ஓட்டுப் போடவைக்கும் அறை) வரிசை வாசல் வரை நின்றது. இளையவர்களின் கடைசி சாலுரான் மத்தியானமே காலி. அந்த வராத ஓட்டுகளை யாரும் எதிர்ப்பு என்று கணக்கில் எழுதவில்லை, அண்ணே.