எல்லாம் சரி தம்பி, அடிபம்பு எங்க?

அத்தாச்சி: என்ன தம்பி, மாடி பூரா கண்ணாடிய அடுக்கி வச்சுட்டு கீழ உக்காந்து கல்யாண பத்திரிகையால விசிறிக்கிட்டு இருக்கீங்க?

தம்பி: வாங்க அத்தாச்சி. செத்த இருங்க, சோலார்காரனுக்குத்தான் போன் அடிச்சுக்கிட்டு இருக்கேன், எடுக்க மாட்டேங்குறான். வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, ஒரு ஃபேன் சுத்த மாட்டேங்குது.

அத்தாச்சி: இன்னிக்கு ஷட்டவுன்ல. மாசாந்திர பராமரிப்பு, காலையில 9லேருந்து சாயங்காலம் 5 வரைக்கும். பேப்பர்லயே போட்ருந்தானே.

தம்பி: அது ஈபி கரண்டு அத்தாச்சி, அது போனா நமக்கென்ன? நாமதான் வீட்ட முழுசா தற்சார்பா மாத்தியாச்சே.

அத்தாச்சி: சார்ப்பா? கொல்லையில உங்கம்மா, சின்னத்தை, தகரம் போட்டு இறக்கியிருந்தாங்களே, அதுவா? அதுதான் கஜா புயல்ல பறந்து போயி மேலத்தெரு கொளத்துல கெடந்துச்சே.

தம்பி: சார்ப்பு இல்ல அத்தாச்சி, தற்சார்பு. புயலோ வெள்ளமோ எது வந்தாலும் எவனையும் எதிர்பாக்காம நம்ம தேவைய நாமளே பாத்துக்குறது.

அத்தாச்சி: ஓ. அப்ப சோலார்காரனுக்கு எதுக்கு போன் அடிக்கிறீங்க?

(இந்த எடத்துல பேச்ச நிறுத்தியிருந்தா தம்பிக்கு மரியாதையா போயிருக்கும். நிறுத்தல.)

தம்பி: ஏதோ சின்ன ஃபால்ட்டு. 3 கிலோவாட் போட்ருக்கேன், மானியமே 78,000 ரூபா வந்துச்சு. நான் ஒண்ணும் ஏமாந்த சோணகிரி இல்ல, எல்லாத்தையும் வெவரமா கேட்டுத்தான் போட்டேன். ஆன்-கிரிட் வேணுமா ஆஃப்-கிரிட் வேணுமான்னு கேட்டான். ஆஃப் ஆகுறத எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா, ஆனே போடுடான்னு சொல்லிட்டேன்.

அத்தாச்சி: ...

தம்பி: என்ன அத்தாச்சி, முந்தானைய வாயில வச்சுக்கிட்டு?

அத்தாச்சி: ஒண்ணுமில்ல தம்பி. எங்க தம்பி லைன்மேனா இருக்கான்ல, அவன் ஒரு தடவ சொன்னான். ஆன்-கிரிட்டுன்னா ஈபி லைனோட சேந்து ஓடுறதாம். லைன்ல கரண்டு இருந்தாத்தான் அதுவும் ஓடுமாம், லைன்ல போச்சுன்னா மாடியில இருக்குறதும் தானா நின்னுக்குமாம். பின்ன, ஷட்டவுன்னு நம்பி ஒருத்தன் கம்பத்துல ஏறி கம்பிய புடிச்சுக்கிட்டு நிக்கையில உங்க மாடி கரண்டு லைன்ல பாஞ்சா, அவன் பொண்டாட்டி புள்ளைக்கு நீங்களா சோறு போடுவீங்க? கரண்டு போனாலும் ஓடணும்னா பேட்டரி வச்சு வேற மாதிரி வாங்கணுமாம்.

தம்பி: அப்ப சூரியன் இருக்கு, பேனல் இருக்கு, கரண்டு மட்டும் கெடையாதா?

அத்தாச்சி: சூரியன் தற்சார்பாத்தான் இருக்கு தம்பி. நீங்கதான் இல்ல.

தம்பி: சரி போவட்டும், இன்வெர்ட்டர் இருக்குல்ல, 150 ஏஹெச் பேட்டரி.

அத்தாச்சி: அதுல ஒரு ஃபேன் சுத்தலாமே?

தம்பி: சுத்துச்சு. மூணு ஃபேனு, டிவி, வைஃபை, ஃபிரிட்ஜையும் அதுலயே இழுத்து வுட்ருந்தேன், ஒரு மணிக்கே கீ கீன்னு கத்த ஆரம்பிச்சு ரெண்டு மணிக்கு அமுங்கிடுச்சு.

அத்தாச்சி: தண்ணி?

தம்பி: டேங்க்ல இருந்துச்சு. காலையிலயே வூட்டுல வாஷிங் மிஷின் ஓட்டிட்டா. மோட்டார் போடலாம்னா 1 ஹெச்பி மோட்டார இந்த இன்வெர்ட்டர் இழுக்காதாம், ஸ்டார்ட் பண்றப்பவே ட்ரிப் ஆயிடுமாம்.

அத்தாச்சி: அடிபம்பு எங்க தம்பி?

தம்பி: அது... வீடு இடிச்சு கட்டையில எடுத்தாச்சுல்ல. கார் நிறுத்த எடம் வேணும்ல. அத வுடுங்க, இந்த லிஸ்ட்ட பாருங்க. வங்கக்கடல்ல தாழ்வுன்னு சொன்ன அன்னிக்கே ராத்திரி உக்காந்து வீடியோ பாத்து எழுதுனது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி, 3 நாளைக்கு.

அத்தாச்சி: மாடு?

தம்பி: என்ன மாடு?

அத்தாச்சி: கொட்டாயில நிக்குதுல்ல உங்க மாடு. ஒரு பசு ஒரு நாளைக்கு 40 லிட்டர் குடிக்கும். அது அந்த வீடியோ பாக்கலயே, அதுக்கு 4 லிட்டர்னு எப்புடி தெரியும்? அப்புறம் அது என்ன 3 நாளு? கஜாவுல நம்ம தெருவுக்கு கரண்டு வந்தது 22 நாள் கழிச்சு. டெல்டா பூரா ஒரு லட்சம் கம்பத்துக்கு மேல சாஞ்சு கெடந்துச்சு, வெளி மாவட்டத்துலேருந்துலாம் ஈபி ஆளுங்க வந்து, பாவம், வயக்காட்டு சேத்துல முட்டி வரைக்கும் எறங்கி தோள்ல கம்பத்த தூக்கிட்டுப் போனானுங்க. அவங்ககிட்ட போயி, 3 நாள் ஆச்சு, எங்க லிஸ்ட்டு முடிஞ்சுடுச்சுன்னு சொல்லுவீங்களா?

தம்பி: சாப்பாட்டுக்கு அரிசி இருக்கு, ரெண்டு மூட்டை, மூட்டைக்கு 26 கிலோ.

அத்தாச்சி: அது என்ன கணக்கு 26?

தம்பி: 25 கிலோ வரைக்கும் பாக்கெட் அரிசிக்கு 5 பர்சென்ட் ஜிஎஸ்டின்னு 2022ல போட்டான்ல, அதான் மில்லுக்காரன் ஒரு கிலோ சேத்து கட்டிட்டான்.

அத்தாச்சி: பாருங்க, தற்சார்புன்னா அது. ஒரு கிலோவுல முடிச்சுட்டான். நாம அறுக்குற நெல்ல எல்லாம் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு மூட்டை அரிசி வாங்குறோம், இதுல பத்தாயத்தையும் பழைய மரம் வாங்க வந்தவன்ட்ட தூக்கிக் குடுத்தாச்சு.

தம்பி: நெல்லா வச்சிருந்து என்ன அத்தாச்சி பண்றது, மில்லுல அரைக்க கரண்டு வேணாமா?

(இது நியாயமான கேள்வி. தம்பிக்கு ஒரு மார்க் போட்டுடலாம். இன்னிக்கு அவருக்கு கெடைச்ச ஒரே மார்க்கும் இதுதான்.)

அத்தாச்சி: சரி, அரிசி இருக்கு. எதுல ஆக்குவீங்க?

தம்பி: இண்டக்‌ஷன்... இல்ல இல்ல, கேஸ் இருக்கு. ரெண்டு சிலிண்டர்.

அத்தாச்சி: கொழம்புக்கு அரைக்க? அம்மி எங்க, ரோஜாச் செடிக்கு அண்டை குடுத்து வச்சிருக்கீங்களே, அதுவா?

தம்பி: ரசம் வச்சுக்குவோம் அத்தாச்சி. இத பாருங்க, கையால சுத்துனா பாடுற ரேடியோ. செல்லு டவர் போனாலும் நியூஸ் கேக்கலாம்.

அத்தாச்சி: இது ஒண்ணு உருப்படி. கஜாவுல எந்த ஊர்ல என்ன ஆச்சுன்னே தெரியாம உக்காந்திருந்தோம். சில்லறை நோட்டு வச்சிருக்கீங்களா, பத்து இருவது?

தம்பி: எல்லாம் போன்லதானே அத்தாச்சி, இப்ப யாரு நோட்டு வச்சிருக்கா.

அத்தாச்சி: டவர் இல்லன்னா ரேடியோல பணம் அனுப்புவீங்களா?

தம்பி: நீங்க எல்லாத்துக்கும் குறுக்குக் கேள்வி கேக்குறீங்க. மெயினான பாயிண்ட்டு இதுதான், கேளுங்க. நம்மகிட்ட என்னென்ன ஸ்டாக் இருக்குன்னு அக்கம்பக்கத்துல யார்கிட்டயும் சொல்லப்படாதாம். சொன்னா கஷ்ட காலத்துல எல்லாரும் நம்ம வாசல்ல வந்து நிப்பாங்களாம். அதுக்குத்தான் கேமராவும், ரிமோட்டு கேட்டும்.

அத்தாச்சி: எங்கிட்ட சொல்லிட்டீங்களே.

தம்பி: நீங்க நம்ம ஆளு அத்தாச்சி.

அத்தாச்சி: ஆமா. 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு கஜா. நீங்க அப்ப சிங்கப்பூர்ல. நாலு நாளா உங்கம்மா இருக்காங்களா இல்லையான்னே தெரியாம எங்க வூட்டு நம்பருக்கு அடிச்சுக்கிட்டே கெடந்தீங்க, டவர் வந்ததும் எடுத்து நான்தான் சொன்னேன், சின்னத்தை நல்லா இருக்காங்க, வாசல்ல அடிபம்புகிட்ட நிக்கிறாங்கன்னு. உங்க வாசல்ல தூங்குமூஞ்சி மரம் குறுக்க விழுந்து கெடந்துச்சே, அத தெருப்பயலுவதான் கை ரம்பத்தால ரெண்டு நாளு அறுத்தானுங்க. ஜெனரேட்டர டிராக்டர்ல ஏத்திக்கிட்டு டேங்க் நெப்ப மணிக்கு இவ்வளவுன்னு காசு கேட்டு வந்தானுங்க, நம்ம தெருவுல ஒருத்தரும் குடுக்கல. ஏன்னு கேளுங்க.

தம்பி: ஏன்?

அத்தாச்சி: அடிபம்பு இருந்துச்சு தம்பி. உங்க வாசல்ல. விடியக்காலம் 4 மணிக்கே கொடத்த வரிசையா வச்சுடுவோம். அத்தன பேரு அடிச்சதுல எட்டாம் நாளு வாஷர் பிஞ்சுபோச்சு, தோல் வாஷர் வாங்க கடையும் இல்ல. சின்னத்தை பழைய சைக்கிள் டியூப்ப வட்டமா கத்தரிச்சு ரெண்டா மடிச்சு போட்டு, மறுபடியும் அடிக்க வச்சாங்க. ராத்திரி தண்ணி எறங்கிடும், காலையில மேலேருந்து ஒரு சொம்பு ஊத்துனாத்தான் புடிக்கும், அந்த ஒரு சொம்பு எங்க வூட்டுலேருந்து வரும். ராத்திரியே எடுத்து மூடி வச்சுடுவேன். அவங்க வாசல்ல கேமரா இல்ல. கேட்டும் இல்ல.

(தம்பி கல்யாண பத்திரிகைய கீழ வச்சுட்டார். பத்து செகண்டு. அப்புறம் மறுபடியும் எடுத்துக்கிட்டார்.)

தம்பி: ஏன் அத்தாச்சி, அந்த போர் பைப்பு உள்ளதானே இருக்கும்? மேல உள்ள பம்ப மட்டுந்தான எடுத்தோம்?

அத்தாச்சி: பைப்பு அங்கதான் இருக்கும். மூடி போட்டு அதுமேல டைல்ஸ ஒட்டிட்டீங்க.

தம்பி: எந்த எடம்னு ஞாபகம் இருக்கா?

அத்தாச்சி: நல்லா ஞாபகம் இருக்கு. வாங்க காட்டுறேன். இந்தா, உங்க கார் டிக்கிக்கு நேரா கீழ.

தம்பி: இப்பவே காரை வெளிய எடுத்துட்டு பாத்துடுவோம்.

அத்தாச்சி: எடுங்க.

தம்பி: ...

அத்தாச்சி: எடுங்க தம்பி.

தம்பி: கேட்டு ரிமோட்டுல அத்தாச்சி. கரண்டு வேணும்.

அத்தாச்சி: கையால தொறக்க ஒரு வழியும் வைக்கலயா?

தம்பி: சாவி ஒண்ணு இருக்கு, அத எங்க மாட்டி எப்புடி திருப்பணும்னு அந்த புத்தகத்துல போட்ருக்கு. புத்தகம் போன்ல இருக்கு. போன்ல சோலார்காரனுக்கு அடிச்சே சார்ஜ் போச்சு... ஆமா, கேட்டு பூட்டியிருக்கு, நீங்க எப்புடி உள்ள வந்தீங்க?

அத்தாச்சி: கொல்லப்படலத் தள்ளிட்டு. முப்பது வருசமா அந்த வழியாத்தானே வர்றேன்.

தம்பி: அத்தாச்சி, உங்க வூட்டு அடிபம்பு...

அத்தாச்சி: அடிக்குது. போன வருசம்தான் போட்டோம், சின்னத்தை பம்ப நீங்க பழைய இரும்புக்கு போட்டீங்கள்ல, அத கடைக்காரன்ட்ட போயி நாந்தான் வாங்கிட்டு வந்தேன்.

தம்பி: அதுவா அது!

அத்தாச்சி: அதேதான். வாங்க, கொல்லப்பக்கமா வாங்க. உங்க கொடத்த எடுத்துக்கங்க, என் கொடத்துல புடிச்சா அது தற்சார்பு ஆவாது.