டப்பாவில் எழுதியிருப்பதைக் காது படிக்காது

குழுவில் சனிக்கிழமை நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயர் வேண்டாம். நண்பர் தன் மகளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ஹெட்போன் கேட்டார், ஒயர் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள் என்றேன். உடனே குழுவில் ஒருவரிடமிருந்து பதில் வருகிறது: "பாலக்கோட்டுக் காதுக்கு அது போதும்." பாலக்கோடு, தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊர்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். டப்பாவில் எழுதியிருப்பதைக் காது படிக்காது. "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று எல்லா டப்பாவிலும்தான் போட்டிருக்கிறது. மனிதக் காதின் எல்லையே அவ்வளவுதான், வயது ஏறினால் மேல்பக்கம் இன்னும் குறையும். அதற்குள் எந்த ஒலி தூக்கலாக வருகிறது, எது அமுங்குகிறது என்பதுதான் விஷயம். அதைப் போடமாட்டார்கள். உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவர் 50 எம்எம் என்பதாலேயே அது 40 எம்எம்மைவிட நன்றாகப் பாடிவிடாது. அப்புறம் இந்த ஈஎன்சி. அது நம் மைக்கில் விழும் இரைச்சலைக் குறைப்பது, லாபம் எதிர்முனையில் பேசுகிறவருக்கு. நம் காதில் விழும் பஸ் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி. இரண்டும் ஒன்றென்று நம்பி வாங்கிவிட்டு, சேலம் பஸ் தொப்பூர் கணவாயில் உறுமும்போது கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

டப்பாவில் ஓம் என்று போடும் மின்தடைக் கணக்கு? 16, 32 என்றால் போனே போதும். 300 ஓம் என்றால் தனியாக ஆம்ப்ளிஃபயர் தேடவேண்டும். காதுக்குள் செருகும் வகையில் ரப்பர் சரியாகப் பொருந்தாவிட்டால் எந்த விலையிலும் பேஸ் வராது. பழகிய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

"வயர்லெஸ் வசதியாச்சே?" வசதிதான், யார் இல்லை என்றது? ஆயிரம் ரூபாயில் பேட்டரி, சிப், சார்ஜிங் டப்பா எல்லாம் போக ஸ்பீக்கருக்கு என்ன மிஞ்சும்? அவ்வளவுதான் கேட்டேன்.

"எல்டேக் தெரியுமா?" என்று அவரே கேட்டார். தெரியும். ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை, அதாவது ஒரு கோடெக். சோனி உருவாக்கியது, உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிட். ஆனால் ஐயா, உங்கள் கையில் இருப்பது ஐபோன். அதில் எல்டேக் கிடையாது. இத்தனை நாளும் ஏஏசி என்ற வேறு கோடெக்கில் கேட்டுவிட்டுத்தான் "ஆகா, எல்டேக்" என்று எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறீர்கள். டப்பாவில் எழுதியிருப்பதைக் கண் படித்தது, காது படிக்கவில்லை.

என் பெரியப்பா பாலக்கோடு பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தார். பாரதக் கூத்துக்கு மைக் கட்டினால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்காரமாட்டார். கூட்டத்தின் கடைசியில், பாய் விரித்துப் படுத்திருக்கும் கிழவிகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். துரியோதனன் வசனம் மத்தளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஓடிவந்து பேஸைக் குறைப்பார். எத்தனை வாட் என்று கேட்டால், "கேட்குதான்னு அந்தக் கிழவியைக் கேளுடா" என்பார். அவருக்குக் கோடெக் தெரியாது. விடிய விடியக் கூத்து கேட்ட ஊர் அது. அந்தக் காதைத்தான் நீங்கள் கிண்டல் செய்தீர்கள்.

"விளையாட்டுக்குச் சொன்னார், விடுங்க" என்று உள்பெட்டியில் சமாதானம் பேசுகிறவர்களுக்கு: என்னைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். ஹெட்போன் கேட்ட பெண்ணும் அதே ஊர்தானே, அவள் அப்பா அதைப் படித்துவிட்டு "நன்றி" என்று மட்டும் போட்டார். அட்மின் அண்ணே, சிரித்து வைத்தவர்கள் வரிசையில் உங்கள் பெயரும் இருந்தது.