ககன்யான் தாமதமும் வெளிவராத அறிக்கையும்

இந்திய வீரர்களை நம் ராக்கெட்டிலேயே விண்வெளிக்கு அனுப்பும் இஸ்ரோவின் திட்டம்தான் ககன்யான். 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் அதற்குச் சொன்ன கெடு 2022. இப்போது 2027 என்கிறார்கள். தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் "இன்னுமா கிளம்பல?" என்று மீம் வருகிறது. தள்ளிப்போனதில் எனக்கு வருத்தமே இல்லை. என் புகார் வேறு, கடைசியில் வருகிறேன்.

ககன்யானை ஏற்றிப்போகப்போகும் எல்.வி.எம்.3 ராக்கெட் இதுவரை ஒருமுறைகூடத் தோற்றதில்லை, சந்திரயான்-3ஐக் கொண்டுபோனதே அதுதான், பிறகு ஆளை ஏற்ற என்ன தயக்கம் என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நிற்கும் எஸ்200 பூஸ்டர்களில் தலா 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள் இருக்கிறது. பற்றவைத்தால் பற்றவைத்ததுதான். நடுவில் அணைக்க வழியில்லை, இரண்டு நிமிடத்துக்கு மேல் எரிந்துதான் தீரும். ஏதாவது கோளாறு என்றால், முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் அந்த ராக்கெட்டை முந்திக்கொண்டு வீரர்கள் இருக்கும் க்ரூ மாட்யூலைத் தனியே பிடுங்கிக்கொண்டு போயாக வேண்டும். உச்சியில் இருக்கும் தப்பிக்கும் அமைப்பு அதற்குத்தான். 2018 ஜூலை 5 அன்று ஏவுதளத்திலிருந்தே தப்பிப்பதைச் சோதித்தார்கள். 2023 அக்டோபர் 21 அன்று டி.வி.-டி1 என்ற சோதனைப் பயணத்தில், ஒலியின் வேகத்தைத் தாண்டிய நிலையில், சுமார் 12 கி.மீ. உயரத்தில் க்ரூ மாட்யூலைப் பிரித்துக்காட்டினார்கள். அன்று கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. சரிசெய்து 10 மணிக்கு ஏவினார்கள். அந்த நிறுத்தத்தைக் கேலி செய்தவர்கள் பலர். சந்தேகம் வந்தால் நிறுத்தத்தானே அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார்கள்!

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில், அதே எல்.வி.எம்.3இன் மேல்கட்டத்தில் இருக்கும் சி.இ.20 கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும்) என்ஜினை மனிதப் பயணத்துக்குத் தகுதியாக்க நான்கு என்ஜின்களை 39 முறை எரித்துப் பார்த்தார்கள். மொத்தம் 8,810 விநாடி. குறைந்தபட்சத் தேவை 6,350தான். ஒழுங்காக ஓடுகிறதா என்று மட்டும் பார்க்க இத்தனை முறை எரிக்க வேண்டாம். எரிபொருளும் ஆக்சிஜனும் கலக்கும் விகிதம் பிசகினால், டேங்க் அழுத்தம் மாறினால், உந்துவிசை கூடிக்குறைந்தால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பதில்தான் காலம் போகிறது.

எனக்குப் பெரிய கவலை, திரும்பி வரும் க்ரூ மாட்யூலைக் கடலில் மெல்ல இறக்கும் பாராசூட்தான். மொத்தம் பத்து. முதல் இரண்டு, மேல்மூடியைக் கழற்றி இழுத்துப்போகும். அடுத்த இரண்டு, ஆட்டத்தை அடக்கி வேகத்தைக் குறைக்கும். பிறகு மூன்று சிறிய பாராசூட்டுகள், மூன்று பெரியவற்றை ஆளுக்கு ஒன்றாக வெளியே இழுக்கும். பெரியது ஒவ்வொன்றும் 25 மீட்டர் விட்டம். அது ஒரே வீச்சில் முழுசாக விரிந்தால் அந்த அதிர்ச்சியில் துணியோ கயிறோ அறுந்துபோகலாம். அதனால் விளிம்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கி, பாதி விரிய விட்டு, சில விநாடி கழித்து வெடிமருந்து வெட்டி ஒன்று அந்தக் கயிற்றை அறுக்கும். சிக்கல் எங்கே? ஒன்றின் கயிறு அறுந்து இன்னொன்றின் கயிறு அறுபடத் தாமதமானால், முழுப் பாரமும் முதலில் விரிந்ததன் தலையில் விழும். 2025 நவம்பர் 3 அன்று ஜான்சிக்குப் பக்கத்தில் பபினாவில் ஐ.எல்.76 விமானத்திலிருந்து எடையைத் தள்ளிச் சோதித்தது இந்தத் தாமதத்தைத்தான். மூன்றில் ஒன்று விரியாவிட்டாலும் மற்ற இரண்டு போதும் என்பது வடிவமைப்பு. 1967இல் சோவியத் விண்கலம் சோயுஸ்-1 திரும்பியபோது பிரதான பாராசூட் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை; உள்ளே இருந்த விண்வெளி வீரர் கோமரோவ் இறந்தார்.

உள்ளே மூச்சுவிடுவதும் லேசுப்பட்ட வேலையில்லை. ஒரு ஆள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு விடுகிறார். எடையற்ற நிலையில் சூடான காற்று தானாக மேலே போகாது. விசிறி நின்றால், தூங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும். இந்த உயிர்காப்பு அமைப்பை வெளிநாட்டில் கேட்டுப் பார்த்தார்கள், கொடுக்க யாரும் முன்வரவில்லை. அதனால் சொந்தமாகவே செய்கிறார்கள்.

இனி புகாருக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 ராக்கெட் தோற்றபோது, ஒரு வால்வில் கசிவு, ஹைட்ரஜன் டேங்கில் அழுத்தம் இறங்கியது, என்ஜின் பற்றவில்லை என்று காரணத்தை இஸ்ரோ வெளிப்படையாகச் சொன்னது. அதுதான் முறை. 2025 மே 18 அன்று இன்னொரு ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது. அதன் ஆய்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும் முன்பே 2026 ஜனவரி 12 அன்று அதே வகையைச் சேர்ந்த பி.எஸ்.எல்.வி.-சி62 கிளம்பியது. அதுவும் மூன்றாம் கட்டத்திலேயே தடுமாறித் தோற்றது. இரண்டுக்கும் ஒரே காரணமா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஊகிக்க வேண்டிய நிலையில் நம்மை வைத்திருப்பதுதான் தப்பு. ககன்யான் வேறு ராக்கெட் என்பது சரி. வால்வு வாங்குவது, சீல் சோதிப்பது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அதே நிறுவனம்தானே?

ஆகவே தேதி கேட்பவர்கள் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். வீரர்களுக்குப் பதிலாக வியோமித்ரா என்ற ரோபோவை ஏற்றிப்போகும் ஆளில்லாப் பயணத்தின் அறிக்கையைக் கேளுங்கள். கேபின் அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்கியது, பத்து பாராசூட்டும் எந்தெந்த விநாடியில் விரிந்தன, வெப்பக் கவசம் எத்தனை மில்லிமீட்டர் கரைந்தது, குறித்த இடத்திலிருந்து எத்தனை கி.மீ. தள்ளி விழுந்தது, கடலில் கவிழ்ந்து மிதந்தால் நிமிர எவ்வளவு நேரம் ஆனது. இந்த ஐந்தையும் வெளியிட்ட பிறகு ஆளை ஏற்றட்டும். அது 2028 ஆனாலும் எனக்குச் சம்மதம்.