தண்ணீரோடு உப்பும் வேண்டும்

கோடையில் நிறையத் தண்ணீர் குடித்தாலே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது, தாராபுரம், காங்கேயம் பக்கம் வெயிலில் வயல்காட்டு வேலை செய்வோருக்கு முழுமையாகப் பொருந்தாது. வியர்வையோடு உப்பிலுள்ள சோடியமும் வெளியேறுவதால், வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிக்கும்போது இரத்தத்தில் அதன் செறிவு குறைந்து தலைவலி, குமட்டல், நிலைமை கடுமையானால் வலிப்புகூட வரலாம். சிறுகுடலின் சுவர் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. வயிற்றுப்போக்கின்போது 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுப்பது இந்த அடிப்படையில்தான். உப்பிட்டு மோர் விட்டுக் கரைத்த நம் கம்மங்கூழிலும் உப்பும் நீரும் உண்டு, அதன் மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாகவே மாறுகிறது. அதை ஒதுக்கிவிட்டு வேலையாட்களுக்கு இனிப்புக் குளிர்பானம் வாங்கிக் கொடுப்பது வருத்தம் தருகிறது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.