சந்தேகம் வந்தாலே எழுதுங்கள்

யாராவது வேண்டுமென்றே நோய்க்கிருமியைப் பரப்பும் கிருமித் தாக்குதல் என்று பேச்சு வந்தால், "அது வெள்ளைக்காரனின் கவலை, வன்னியில் எங்களுக்கென்ன?" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சந்தேகமான நோயை டொக்டர் உடனே எழுதி அறிவிப்பது எங்களுக்கும் தேவை.

2001இல் அமெரிக்காவில் கடிதங்களில் அந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமித் தூள் அனுப்பினார்கள். 22 பேர் நோயுற்று 5 பேர் இறந்தார்கள். அதை முதலில் பிடித்தது உளவுத்துறை இல்லை. புளோரிடாவில் காய்ச்சலும் மனத் தடுமாற்றமுமாக வந்த ஒரு நோயாளியின் முள்ளந்தண்டு நீரைப் பார்த்து ஐயப்பட்ட லாரி புஷ் என்ற டொக்டர்தான். வெளிக்கிருமி ஏதோ கலந்துவிட்டது என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. முடிவான ரிப்போர்ட் வருமுன்பே சுகாதார அதிகாரிக்கு அழைப்பு எடுத்தார்.

இனி எங்கள் வயலுக்கு வருவோம். மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமியை, தாக்குதலுக்குப் பயன்படக்கூடியது என்று அமெரிக்கா அந்த்ராக்ஸோடு சேர்த்து ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. இலங்கையில் அது மண்ணிலும் சேற்றிலும் தானாகவே வாழ்கிறது. சீனி வருத்தமுள்ள கமக்காரர் ஒருவர் கால் வெடிப்போடு வயலில் இறங்குகிறார். பிறகு காய்ச்சல், இருமல், சிலருக்கு ஈரலில் சீழ்க்கட்டி. பார்க்கக் காசநோய் போலவும் இருக்கும். ஆய்வுகூடத்திலும் இந்தக் கிருமியை வெளிக்கலப்பு என்று ஒதுக்கிவிடுவது நடக்கிறது. "என்ன தொழில்? அண்மையில் சேற்றில் இறங்கினீர்களா?" என்று டொக்டர் கேட்டால்தான் வழி திறக்கும். காலையில் ஓபிடி வரிசை வாசல்வரை நிற்கும்போது அந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆள் போதாது.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது 'மர்மக் காய்ச்சல்' என்றுதான் ஊரே பேசியது. எலிக்காய்ச்சல் என்று தெரிந்ததும் கமக்காரருக்கு டொக்சிசைக்கிளின் கொடுத்தார்கள். அந்த்ராக்ஸ் தொற்றாமலிருக்கக் கொடுப்பதும் அதே குளிசைதான்.

கிருமியை யாராவது வேண்டுமென்று பரப்பினார்களா, வெள்ளத்தோடு வந்ததா என்பது கட்டிலருகே நிற்கும் டொக்டருக்கு முதல் நாளில் தெரியாது. 1984இல் ஒரிகனில் உணவகங்களின் சாலட்டில் சால்மனெல்லாவைக் கலந்து 751 பேரை நோயாளிகளாக்கினார்கள். அது சதி என்று வெளியே வர ஒரு வருடம் போனது. சதியென்றாலும் தானாக வந்த நோயென்றாலும் தொடக்க வேலை ஒன்றுதான்: வழக்கத்துக்கு மாறானதைக் கண்டால் உடனே அறிவிப்பது.

அதற்கு எங்களிடம் எச் 544 என்ற தொற்றுநோய் அறிவித்தல் படிவம் இருக்கிறது. சந்தேகம் போதும், உறுதி தேவையில்லை. எழுதினால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போகும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நோயாளியின் வீடு தேடி வருவார். ஆனால் நான் கண்ட ஒரு வைத்தியசாலையில் அந்தப் படிவப் புத்தகம் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது! திறப்பு வைத்திருந்தவர் லீவில். அதை ஓபிடி மேசையில் வையுங்கள். தாதியருக்கும் ஞாபகப்படுத்தும் உரிமை கொடுங்கள். எழுதி அனுப்பிய டொக்டருக்கு, விசாரித்ததில் என்ன தெரிந்தது என்று எம்ஓஎச்சிலிருந்து ஒரு அழைப்பாவது எடுங்கள். பதிலே வராவிட்டால் அடுத்த முறை யார் எழுதுவார்?