அப்பா ஊருக்குப் போகவில்லை

2021 நவம்பர் 1ஆம் தேதி, 19 மாதங்களுக்குப் பிறகு தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது, என் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனிடம் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். "அப்பா ஊருக்குப் போயிருக்காங்க, டீச்சர்" என்றான். அவனுடைய தந்தை மே மாதக் கடைசியில், கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோனதை மாலையில் அவன் தாய் சொல்லித்தான் அறிந்தேன். பிள்ளை தாங்கமாட்டான் என்று வீட்டார் அப்படிச் சொல்லி வைத்திருந்தார்கள். அவனோ எல்லாம் தெரிந்தே, அம்மா தாங்கமாட்டார் என்று அந்தப் பொய்யைக் காப்பாற்றி வந்திருக்கிறான்.

நம் சாவு வீடுகளில் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. கொள்ளிக்குடம் தூக்குவதும் வாய்க்கரிசி போடுவதும், அழுகிற அத்தையின் மடியில் கிடப்பதும் நடந்தது இன்னதென்று அவர்களுக்குச் சொல்லிவிடும். கொரோனா காலத்தில் உடல் பையில் சுற்றப்பட்டு மருத்துவமனையிலிருந்து நேரே மயானத்துக்குப் போனது. முகம் பார்க்காத பிள்ளைக்கு, அப்பா ஆட்டோவில் ஏறிப் போனதே கடைசிக் காட்சியாக நின்றுவிட்டது.

அந்த மே மாதமே தமிழக அரசு, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதியும், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் உதவியும் அறிவித்தது. 23 வயதில் 10 லட்சம் தரும் ஒன்றிய அரசின் திட்டமோ, தாய் தந்தையரில் ஒருவர் உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. (கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு இந்தப் பாகுபாட்டை எப்படி விளக்குவது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.) பணத்தின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அதற்காக இறப்புச் சான்றிதழோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெரியவர்கள்கூட, அதே செய்தியைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லத் துணியவில்லை என்பதே என் ஆதங்கம்.

"ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால் சின்னக் குழந்தை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும்; "தூங்குகிறார்" என்றால் தானும் தூங்கப் பயப்படும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கோ இறந்தவர் திரும்பமாட்டார் என்பது தெரியும். அவனிடம் "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே சொல்லிவிடுவதுதான் முறை என்று நான் கருதுகிறேன். சொன்ன பிறகு அவன் கேட்கும் கேள்விகளுக்கு, எத்தனை முறை கேட்டாலும், பதில் சொல்ல யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

மறு வைகாசியில் திதி கொடுத்தபோது அந்தத் தாய் மகனையும் அருகில் உட்கார வைத்திருக்கிறார். எள்ளும் தண்ணீரும் அவன் கையாலேயே விட்டானாம். அன்று இரவுதான், அப்பா போன ஆட்டோவின் பின்னால் தான் தெருமுனை வரை ஓடியதை அவரிடம் சொல்லியிருக்கிறான்.