நோபல் பரிசு கண்டுபிடிப்புக்கு, மருந்துக்கு இல்லை

அண்ணை, "மைக்ரோ ஆர்.என்.ஏ ஊசி வந்திட்டுது, இனி கான்சருக்குக் கீமோ தேவையில்லை" எண்டு நீங்கள் போட்டது பிழை. 2024இல விக்டர் ஆம்ப்ரோசுக்கும் கேரி ரவ்கனுக்கும் நோபல் கிடைச்சது, 1993இல ஒரு சின்னப் புழுவில மைக்ரோ ஆர்.என்.ஏயைக் கண்டுபிடிச்சதுக்கு. அது கலத்துக்குள்ள மரபணுக்களின்ர வேலையைக் கட்டுப்படுத்திற ஒரு சின்ன மூலக்கூறு. இந்த வகையில அங்கீகாரம் பெற்ற புற்றுநோய் மருந்து இன்னும் ஒண்டும் இல்லை.

எம்.ஆர்.எக்ஸ்.34 எண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்தைப் புற்றுநோயாளரில பரிசோதிச்சவை. சிலருக்குக் கட்டி சுருங்கினது உண்மை. ஆனா உடம்பின்ர நோயெதிர்ப்புத் தொகுதி கடுமையாக் கிளம்பி, நாலு பேர் இறந்து, 2016இல முதற்கட்டத்திலேயே நிப்பாட்டினவை. நல்ல கலங்களைத் தொடாமல் கட்டிக்குள்ள மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது இண்டைக்கும் பெரிய சிக்கல்.

தெல்லிப்பழையில கீமோ எடுக்கிற என்ர மாமி உங்கட பதிவைக் காட்டி, "இனிப் போகத் தேவையில்லையோ?" எண்டு கேட்டவ. தயவுசெய்து இண்டைக்கே திருத்துங்கோ.